மூக்குச் சோதனைக்குப் போகிற என் மகனுக்கு

அன்புள்ள பாபு,

இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதும் அப்பனை நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். எனக்கே இது கூத்தாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாரம் உனக்கு நைட் ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாய், எழுந்ததும் குளித்துவிட்டு ஒரகடம் போகிற கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாய். அந்த அவசரத்தில் சொல்கிற விஷயமில்லை இது. நிதானமாக உட்கார வைத்துச் சொன்னாலும், பாதியில் உன் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதாவது கேலி பேசி மழுப்பிவிடுவேன். இத்தனை வருஷமாக அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன். எழுதும்போது எதிரே யார் முகமும் இல்லை. அதனால் எழுதுகிறேன். மெதுவாகப் படி. படித்துவிட்டு என்மேல் கோபம் வந்தால் வரட்டும், அதை நான் தடுக்கப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ கறி வாங்கிக்கொண்டு வந்தாயே, அன்றைக்கு உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். ஏழு வருஷம் கான்ட்ராக்டில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற பெயிண்ட் ஷாப்பில் கிடந்தவனை இப்போது பெயிண்ட் கலக்குகிற அறைக்கு எடுக்கப்போகிறார்கள், அதோடு வேலையும் நிரந்தரம் ஆகிவிடும் என்றாய். வியாழக்கிழமை மெடிக்கல். கண், காது, ரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். அந்த அறையில் தின்னர் டிரம் கசிந்தால் முதலில் மூக்குக்குத்தான் தெரியவேண்டும் என்பதால் மூக்கையும் சோதிப்பார்களாம். "மத்ததெல்லாம் பாஸாயிடுவேன்பா. மூக்குதான் டவுட்டா கீது. தின்னர் வாடையே இப்பல்லாம் எனக்குத் தெரிய மாட்டேங்குது. பழகிப்போச்சு" என்று சிரித்தாய். பிறகு நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீ அந்தக் காலத்துல கம்பவுண்டர ஏமாத்துனியே, அது எப்படிப்பா? இன்னொரு வாட்டி சொல்லேன். எங்க லைன்ல நாலு பேருக்கு இதே கதைதான், அவனுங்களுக்கும் சொல்லணும்" என்றாய்.

நானும் சொன்னேன். நம் வீட்டில் அதைவிடப் பிரபலமான கதை கிடையாதே. உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் பந்தியில் சம்பந்தி வீட்டாருக்குக்கூட நடித்துக் காட்டினேன். எண்ணூர்ப் பக்கம் கடற்கரை ஓரத்தில் நான் வேலை பார்த்த ஆலை. வருஷத்துக்கு ஒரு தடவை மருந்தகத்தில் மூக்குச் சோதனை. கம்பவுண்டர் மரத்தட்டில் நாலு சீசா வைத்திருப்பார்: கிராம்பு எண்ணெய், கற்பூரம், மண்ணெண்ணெய், வெறும் தண்ணீர். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டுவார். மண்ணெண்ணெய் சீசாவுக்கு மட்டும் ரப்பர் மூடி, திறக்கும்போது கிறீச்சென்று சத்தம் வரும். கற்பூரம், வாசனை தெரியாதவனுக்கும் மூக்குக்குள் சில்லென்று ஏறும். கிராம்புதான் எப்போதும் முதலில் வரும், அவருக்கு அது ஒரு ராசி. மிச்சமிருப்பது தண்ணீர். உடனே பதில் சொல்லிவிடக்கூடாது, மண்ணெண்ணெய்க்கு முகத்தைச் சுளிக்கவேண்டும், கற்பூரத்துக்கு ஒரு கணம் நிதானிக்கவேண்டும். நான் கற்பூரம் வந்ததும் ரெண்டு கையாலும் தீபாராதனையை ஒற்றிக்கொள்வதுபோல் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கம்பவுண்டர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு 'நார்மல்' என்று எழுதிவிட்டார். இதில் நீ சிரிக்காத இடமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் சிரித்தாய். நாலு பேருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டதாக அன்று சாயங்காலமே போன் செய்தாய்.

அந்தக் கதையை நான் இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அது முழுக் கதை இல்லை. அன்றைக்கு எனக்கு ஜலதோஷம், அதனால் வாசனை தெரியவில்லை என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன் இல்லையா? ஜலதோஷம் இல்லை. ஒரு வருஷமும் எனக்கு ஜலதோஷம் இல்லை. என் மூக்கு செத்துவிட்டிருந்தது. இன்றுவரை அது உயிரோடு வரவில்லை.

எப்போது போனது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கண் போனால் இருட்டும், காது போனால் பக்கத்தில் இருப்பவன் கத்துவான். மூக்கு சொல்லிக்கொள்ளாமல் போய்விடும். என் வேலை தொட்டிகளுக்கு நடுவே நடந்து மாதிரி எடுப்பது. அழுகின முட்டை வாடை வந்தால் கருவியைப் போட்டுவிட்டுக் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஓடவேண்டும், அதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம். முதலில் ஒரு மாசம் தினமும் வாடை வந்தது. பிறகு எப்போதாவது வந்தது. பிறகு வரவில்லை. வேலை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நீ சொன்னாயே "பழகிப்போச்சு" என்று, அதே வார்த்தை. அதைக் கேட்டபோது எனக்குப் பகீரென்று இருந்திருக்கவேண்டும். இல்லை. உன்னோடு சேர்ந்து சிரித்துக்கொண்டு கறியைப் பிசைந்து சாப்பிட்டேன். கறியிலும் எனக்கு உப்பும் காரமும்தான் தெரியும், மற்றதெல்லாம் ஞாபகத்தில் சாப்பிடுவது.

ஆலையில் நான் மாட்டிக்கொள்ளவில்லை. கூட வேலை செய்கிறவன் முகத்தைப் பார்த்து நடந்துகொண்டேன், அவன் ஓடினால் நானும் ஓடினேன். பிரச்சினை தெருவில்தான் வந்தது. நீ அப்போது ஐந்து வயதுப் பையன், அந்தத் தெரு உனக்கு ஞாபகம் இருக்காது. அது காற்றைப் பார்த்துக் குடித்தனம் நடத்துகிற ஊர். காலையில் மேற்கேயிருந்து வருகிற காற்று ஆலைப் புகையையெல்லாம் கடலுக்குக் கொண்டுபோய்விடும். பன்னிரண்டு, ஒரு மணிக்குக் காற்று திரும்பும். கடல் காற்று வந்தால் புழுக்கத்துக்கு அமிர்தம்தான், ஆனால் அந்தக் காற்று ஆலையைத் தாண்டித்தான் நம் தெருவுக்குள் நுழையவேண்டும். சில நாள் நல்ல காற்றாக வரும், சில நாள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். துணி காயப்போடுவதும் குழந்தையைத் தூங்க வைப்பதும் அதைப் பொறுத்துத்தான். ஜன்னலைத் திறக்கலாமா மூடவேண்டுமா என்று தெருவில் ஒருத்தர் சொல்லவேண்டும். ஆலையில் வேலை செய்கிறவன் என்பதால் அந்த ஒருத்தர் நான். வீட்டில் இருக்கிற நாட்களில் காற்று திரும்பும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பேன். எதிர்வீட்டு மேரி அக்கா, "தம்பி, இன்னிக்கு எப்படி? தொறக்கலாமா?" என்று கேட்பாங்க. நான் தலையைத் தூக்கி ரெண்டு தடவை மூச்சை இழுத்துவிட்டுச் சொல்வேன். தெரு முழுக்க அதன்படி நடக்கும்.

மூக்கு செத்த பிறகும் நான் அந்த உத்தியோகத்தை விடவில்லை. விட்டால் ஏன் என்று கேட்பார்கள். அதைவிட, தெருவே என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. எப்படிச் சமாளித்தேன் தெரியுமா? மேரி அக்கா கேட்கும்போதே அவங்க மூக்கு லேசாகச் சுருங்கியிருக்கும், இல்லை சாதாரணமாக இருக்கும். அதைப் பார்த்து, அவங்களுக்குத் தெரிந்ததையே அவங்களுக்குத் திருப்பிச் சொல்வேன். ரெண்டு வருஷம் ஒரு தப்பும் வரவில்லை. "தம்பி சொன்னா சொன்னதுதான்" என்று அவங்களே என்னைப் புகழுவாங்க.

1991, கத்திரி வெயில் முடிந்த பிறகும் வெயில் குறையாத ஒரு நாள். எனக்கு வார விடுமுறை. மேரி அக்கா சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டிருந்தாங்க, அவங்க வீடு பூட்டிக் கிடந்தது. காற்று திரும்பிற்று. நான் வாசலில் நின்றேன். கோடிவீட்டிலிருந்து யாரோ "இன்னாண்ணே, தொறக்கலாமா?" என்று குரல் கொடுத்தார்கள். பார்ப்பதற்கு முகம் இல்லை. வானம் சுத்தமாக இருந்தது, புகைபோக்கியில் புகையும் அதிகம் இல்லை. "ஒண்ணும் இல்ல, தொறங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தேன்.

உன் அம்மா சாதம் போட்டுக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு, "ஏங்க, அழுவுன முட்டை மாதிரி அடிக்குதுங்க. ஜன்னல மூடிரட்டுமா? புள்ள அதுக்குக் கீழதான் படுத்துனு கீது" என்றாள். எழுந்துபோய் ஒரு கதவை மூடியும் விட்டாள். அப்போதுதான் வாசலில் நின்று தெருவுக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், என் வீட்டு ஜன்னலே மூடினால் என்ன ஆவது? நான் கத்தினேன். "அங்கயே வேலை செய்றவன் நானு. எனக்குத் தெரியாத வாடை உனக்குத் தெரிஞ்சிடுச்சா? சாக்கடையா இருக்கும். தொறந்து வை, புழுங்குது." அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திறந்து வைத்தாள். நான் சாப்பிட்டு முடித்துவிட்டுப் படுத்தேன். நீ இருமுகிற சத்தம்கூட என்னை எழுப்பவில்லை, அவள்தான் உலுக்கி எழுப்பினாள். உன் கண் ரெண்டும் ரத்தமாகச் சிவந்து, உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் வந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் இருமல் கேட்டது.

ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நம் தெருவிலிருந்து இன்னும் சிலரும் வந்தார்கள், அவர்கள் சாயங்காலமே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். நீ திரும்பவில்லை. ஆறு நாள் உனக்கு மூக்கில் குழாய். மறுநாள் காலையில் டாக்டர் வந்தபோது, ஆலையிலிருந்து ஒரு அதிகாரியும் நோட்டும் பேனாவுமாகக் கூட வந்து நின்றார். டாக்டர் உன் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார், "மத்தவங்கல்லாம் வாடை வந்ததும் மூடிட்டாங்களேம்மா. நீ ஏன் ஜன்னல மூடல?" நான் பக்கத்தில்தான் நின்றேன். நோட்டோடு நின்ற அதிகாரியை உன் அம்மா ஒரு தடவை பார்த்தாள். "தூங்கிட்டேன் சார். எனக்கு ஒண்ணுமே தெரியல" என்றாள். அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

பாபு, உன் அம்மா அன்றைக்குத் தூங்கவில்லை. தூங்கினவன் நான்.

டாக்டர் போன பிறகு வராந்தாவில் அவளிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "உங்க மூக்கு செத்துப்போச்சுன்னு எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். அடுப்புல பால் தீஞ்சு வூடே நாறிச்சு, நீங்க பக்கத்துல ஒக்காந்து பேப்பர் படிச்சுகினு இருந்தீங்களே, அன்னிக்கே தெரியும். அந்த ஆள் முன்னால நான் நெசத்தச் சொன்னா உங்க வேலை போயிடும்." தெரிந்தும் ஏன் ஜன்னலைத் திறந்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பது எனக்குத் தெரியும். நான் கத்தினேன், அதனால் திறந்தாள். அவ்வளவுதான். நான் "இனிமே பார்த்துக்கலாம்" என்று சொன்னேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் கேட்கவில்லை.

கடல் காற்று இனி உனக்கு ஆகாது, உள்நாட்டுப் பக்கம் போய்விடுங்கள் என்று டாக்டர் சொன்னார். குண்டு வெடித்த அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் என்ற பேரைக் கேட்டாலே ஊர் ஜனங்கள் பயந்தார்கள், பேப்பரைத் திறந்தால் அந்தப் பேர்தான். நாம் அங்கேதான் வந்தோம். சுங்குவார்சத்திரத்தில் எனக்கு அரிசி ஆலையில் மூட்டை எடை போடுகிற வேலை கிடைத்தது. இங்கே அப்போது ஏரியும் வயலும்தான், உனக்கு நல்ல காற்று கிடைத்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைப் பற்றி, "புள்ளைக்கோசரம் ஆலை வேலையையே உதறிட்டு வந்தவன்" என்று பேசினார்கள். உன் அம்மாவைப் பற்றி, "புள்ள மூச்சு முட்டிக் கெடக்கும்போது தூங்கினவ" என்று பேசினார்கள். ரெண்டையும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலாவதற்குத் தலையாட்டவும் செய்தேன். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் ஒன்று, ஒரகடத்தில் ஒன்று என்று இங்கேயும் ஆலைகள் வந்தன. வேலையும் வந்தது, நீயும் போனாய். உன்னைப் போகாதே என்று சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

நீ பிளஸ் டூ படிக்கும்போது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டப் பந்தயத்தில் உன்னைச் சேர்க்கவில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து கோபமாக வந்தாய். அம்மா என்னவோ சமாதானம் சொல்ல வந்தாள். "நீ மட்டும் அன்னிக்குத் தூங்காம இருந்திருந்தா எனக்கு இன்ஹேலரே வேணாம். உன்னாலதான் எல்லாம்" என்று நீ கத்தினாய். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் மடித்துக்கொண்டே இருந்தாள். நான் அதே அறையில் நாற்காலியில் இருந்தேன். ஒரு வாக்கியம் போதும். "அவ தூங்கலடா" என்று ரெண்டு வார்த்தை போதும். நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். அடுத்த வாரம் நீ அவளிடம் சாதாரணமாகப் பேச ஆரம்பித்துவிட்டாய், மறந்தும் இருப்பாய். அவள் மறக்கவில்லை. அதற்குப் பிறகு மத்தியானத்தில் அவள் படுத்து நான் பார்த்ததில்லை. காய்ச்சலிலும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்.

அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. கடைசி மாசம் அவளிடம், "பாபுகிட்ட நெசத்தச் சொல்லிடவா?" என்று கேட்டேன். "இப்ப எதுக்கு? அவன் ரெண்டு பேரையும் இழக்கணுமா?" என்றாள். அதைப் பெரிய அனுமதிச் சீட்டாக மடித்து வைத்துக்கொண்டேன். அவள் தலைமாட்டில் கட்டுக்கட்டாக ஊதுபத்தி ஏற்றினார்கள், ரோஜா மாலை போட்டார்கள், எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. நான் அழவில்லை என்று நீகூடக் கவனித்தாய். திடமான மனுஷன் என்று உன் மாமனார் சொன்னார். திடமெல்லாம் இல்லை. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, அவ்வளவுதான். பல வருஷமாக எனக்குப் பெரிதாக எதுவும் தோன்றுவதில்லை. நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூக்கோடு சேர்ந்து வேறு என்னென்ன செத்தது என்று நான் கணக்குப் பார்த்ததில்லை.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். நேற்று நடந்ததால்தான். நீ தூங்கிக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது. மருமகள் ரேவதி வழக்கம்போல எட்டு மணிக்குப் பாப்பாவை என்னிடம் விட்டுவிட்டு அவள் கம்பெனி பஸ்ஸுக்குப் போனாள். பதினொரு மணிவாக்கில் பாப்பாவுக்குப் பால் காய்ச்ச அடுப்பில் வைத்தேன். காற்றடித்து அடுப்பு அணைந்திருக்கிறது, நான் முன்னறையில் அவள் பொம்மைக்குக் கை மாட்டிக்கொண்டிருந்தேன். உன் மகள் வந்து என் முன்னால் நின்றாள். மூக்கை ரெண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "தாத்தா, நாத்தம் அடிக்குது" என்றாள். மூன்று வயது. நான் பொம்மையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒண்ணும் இல்ல பாப்பா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. அவள் மறுபடியும், "நாத்தம் தாத்தா" என்று என் சட்டையை இழுத்தாள். அப்போதுதான் எழுந்து போய்ப் பார்த்தேன். அடுப்புக் குமிழ் முழுக்கத் திறந்திருந்தது, புஸ்ஸென்று சத்தம். மூடினேன், சிலிண்டரையும் மூடினேன், ஜன்னல் கதவு எல்லாவற்றையும் திறந்து அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து நின்றேன். அடுப்புக்குப் பக்கத்திலேயே பூஜை அலமாரியில் காலையில் ஏற்றின விளக்கு அணைந்து போயிருந்தது, எண்ணெய் தீர்ந்துவிட்டது. எண்ணெய் கொஞ்சம் கூட ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை. என் கை நடுங்கவில்லை, படபடப்பும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் ரேவதி பாப்பாவை அழைத்துப்போக வந்தாள். உட்காரச் சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். பிறகு, என் வாயால் இதுவரை ஒருத்தரிடமும் சொல்லாததைச் சொன்னேன்: "எனக்கு வாசனையே தெரியாதும்மா. பாபு அஞ்சு வயசா இருக்கறதுக்கு முன்னாலேர்ந்தே தெரியாது." "அப்ப ஒரு வருஷமா பாப்பாவ உங்ககிட்ட விட்டுட்டுப் போறேனே மாமா... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, என் சமையலறைக்குள் போய்ச் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். அவர்கள் உன் மூக்கருகே எதை நீட்டினாலும், தெரிந்தால் தெரிகிறது என்று சொல். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல். மூடிச் சத்தத்தைக் கேட்காதே, டாக்டர் முகத்தைப் பார்க்காதே, நடிக்காதே. மூச்சுத் தொந்தரவு இருப்பதையும் சொல். இன்ஹேலரைச் சாப்பாட்டுப் பைக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பது எனக்குத் தெரியும். வேலை நிரந்தரம் ஆகாமல் போகலாம். பெயிண்ட் ஷாப்பை விட்டே போகச் சொல்லலாம். ரேவதி சம்பளத்தில் கொஞ்ச நாள் ஓட்டவேண்டி வரலாம், மானம் போகிறமாதிரி இருக்கும். ஆகட்டும். அந்த அறையில் உன்னோடு இன்னும் ஆட்கள் இருப்பார்கள், டிரம் கசிந்தால் அவர்கள் உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். முதலில் டாக்டரிடம் நேராகப் போய் மூக்கைக் காட்டு. என்னுடையதுதான் திரும்பவில்லை, உன்னுடையது அந்தக் காற்றைவிட்டு விலகினால் திரும்பினாலும் திரும்பும். நீ கதை சொல்லிக்கொடுத்த அந்த நாலு பேரையும் கூப்பிட்டு வைத்து இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. எங்க அப்பா ஒரு பொய்யர் என்று சொல்லியே ஆரம்பி, எனக்கு ஆட்சேபணை இல்லை.

அம்மா சொன்னது சரியாகவும் இருக்கலாம், இதைப் படித்த பிறகு உனக்கு நானும் இல்லாமல் போகலாம். அதற்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அவளிடம் நீ கத்தினது உன் தப்பு இல்லை, நான் வைத்துக்கொண்டிருந்த பொய் அது.

இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் ஏழரைக்கே குளித்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எட்டானது. எட்டரைக்கு ரேவதியின் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மூலைக்கடைக்காரர் வந்து, "இன்னா பெரியவரே, பேத்தி வரலியா? உங்க மருமக அவங்க அம்மா வூட்டாண்ட விட்டுட்டுப் போனாங்களே" என்றார். ரேவதி செய்தது சரி. நீயும் அவளை ஒரு வார்த்தை கேட்காதே. பாப்பாவுக்கு எடுத்து வைத்த பாலை நானே குடித்தேன். குடிக்கும்போது நெஞ்சுக்குள் என்னவோ பண்ணியது, என்ன என்று முதலில் புரியவில்லை. வலி. அம்மா போனபோது வராதது. உண்மையைச் சொன்னால் இப்படித்தான் இருக்கும் பாபு, நான் உனக்கு வேறு மாதிரி ஆசை காட்டப்போவதில்லை. தாங்கிக்கொள்ள முடிகிறது. வியாழக்கிழமை நீ சொல்.

உன்னை அன்றைக்கு எழுந்து பார்க்காத
அப்பா